சிசேரியன் தழும்பில் தங்கிய கரு: ஒரு கேஸின் முழு விவரம்

அந்தப் பெண் கையில் கொண்டுவந்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் பொய் எதுவும் இல்லை. கர்ப்பப்பையில் ஒரு பை தெரிகிறது, கீழ்ப்பகுதியில் இருக்கிறது, ஆறு வார வளர்ச்சி, கரு கலைந்து வெளியே வந்துகொண்டிருக்கலாம் என்று போட்டிருந்தார்கள். அதில் "கீழ்ப்பகுதியில்" என்ற ஒரு சொல்லில்தான் மொத்த கேஸும் உட்கார்ந்திருந்தது. எழுதியவரும் அதில் நிற்கவில்லை, அதைப் படித்துவிட்டு மறுநாள் காலை டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்ய நேரம் கொடுத்தவரும் நிற்கவில்லை.

வயது 29. இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். முதலாவது, வலி வந்து பாதி ராத்திரியில் குழந்தையின் துடிப்பு குறைந்ததால் அவசரமாகச் செய்தது. இரண்டாவது, முதலாவது சிசேரியன் என்பதற்காகவே நாள் குறித்துச் செய்தது. இரண்டாவது குழந்தை எடை குறைவாகப் பிறந்து இன்குபேட்டரில் இருந்ததால், "பிள்ளை முதலில் தேறட்டும்" என்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள், அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. இரண்டரை வருடம் கழித்து நாள் தள்ளிப்போய், கார்டு டெஸ்ட்டில் இரண்டு கோடு. (அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எங்களிடம் வந்தபோது 6 வாரம் 3 நாள். மூன்று நாளாகப் பழுப்பு நிறத்தில் கறை மாதிரி பட்டுக்கொண்டிருந்தது, அடிவயிற்றில் லேசான இழுப்பு, அவ்வளவுதான். நாத்தனார் எங்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ், அதனால்தான் வந்தார். "மேடம், நாளைக்குக் காலையில க்ளீன் பண்ண வரச் சொல்லியிருக்காங்க, நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க, ரெண்டு சிசேரியன் ஆன வயிறு" என்றார் அந்த நர்ஸ். அந்தக் கடைசி நாலு வார்த்தைக்காக இன்றுவரை அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நாடித்துடிப்பு 84, ரத்த அழுத்தம் 110/70, வயிறு மெத்தென்று இருந்தது, அழுத்தினாலும் பெரிதாக வலி இல்லை. கர்ப்பப்பை வாய் மூடியிருந்தது, ஒரு துளி பழைய ரத்தம். ஹீமோகுளோபின் 10.4. இந்த நிலையில் பார்க்கிற யாருக்கும் அவசரம் தோன்றாது. தழும்பில் தங்கிய கருவில் மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, வழக்கமான ஸ்கேனில்தான் மாட்டும். டியூபில் தங்கிய கரு போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுந்து வருவார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம்.

வெளியே எடுத்தது வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேன். நான் உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்ப்பது) செய்தேன். இங்கே ஒரு சின்ன விஷயம், ஜூனியர்களுக்கு எப்போதும் சொல்வது: உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீரை முழுக்கக் கழித்துவிட்டு வரச் சொல்வது வழக்கம், ஆனால் தழும்பைப் பார்க்க வேண்டும் என்றால் சிறுநீர்ப்பையில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். அப்போதுதான் கருவின் பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் இருக்கிற சதைச் சுவர் தெளிவாகத் தெரியும். (கருவின் பை, கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை என்று எல்லாமே தமிழில் பை என்பதால் வீட்டாருக்கு விளக்கும்போது நானே சில நேரம் குழம்பிப்போவேன்.)

நீளவாக்கில் பார்த்தபோது கர்ப்பப்பையின் மேல்பகுதி காலி. உள்சவ்வு தடித்திருந்தது, கரு அங்கே இல்லை. கர்ப்பப்பை வாயின் உள்ளே இருக்கும் குழாயும் காலி. இரண்டுக்கும் நடுவில், முன்பக்கச் சுவரில், சரியாகப் பழைய தையல் இருக்கும் இடத்தில் 18 மில்லிமீட்டர் பை. வட்டமாக இல்லை, முக்கோணமாக, தழும்பின் குழிக்குள் தன்னை அடைத்துக்கொண்ட மாதிரி. உள்ளே 5 மில்லிமீட்டர் கரு, துடிப்பு நிமிடத்துக்கு 112. பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் மிஞ்சிய சதை 2.1 மில்லிமீட்டர். டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) போட்டால் பையைச் சுற்றி, முக்கியமாக முன்பக்கம், ரத்த ஓட்டம் தீப்பிடித்த மாதிரி.

கரு கலைந்து வெளியேறும் வழியில் இங்கே வந்து நிற்கிறதா என்பதுதான் வெளி ரிப்போர்ட்டின் சந்தேகம். அதைத் தீர்க்க இரண்டு சோதனை போதும். ஸ்கேன் கருவியின் நுனியால் மெதுவாக அழுத்தினேன். கலைந்து இறங்கும் பை என்றால் வழுக்கி நகரும், இது நகரவில்லை. கலைந்த பையைச் சுற்றி ரத்த ஓட்டமும் இருக்காது, அது வேரறுந்த செடி. இங்கே துடிப்பும் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது. கர்ப்பப்பை வாயிலேயே தங்கிய கருவாக இருக்குமோ என்று பார்த்தால், அந்தக் குழாய் மூடிக் காலியாக இருக்கிறது, வாய்ப்பகுதி உப்பவும் இல்லை. வேறு முடிவுக்கு இடம் இல்லை. ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜி 24,600 வந்தது, அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கவில்லை, பின்னால் ஒப்பிட ஒரு தொடக்க எண் வேண்டும் என்பதற்காக எடுத்தது.

இதில் நேரம் எவ்வளவு முக்கியம் என்று பலருக்குத் தெரிவதில்லை. எட்டு ஒன்பது வாரத்துக்குப் பிறகு பை பெரிதாகி மேலே இடமிருக்கும் பக்கம் விரியும், அப்போது ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பையின் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கிற சாதாரண கர்ப்பம் போலத் தெரியும். நஞ்சு (பிளசென்டா) மட்டும் தழும்பிலேயே வேர்விட்டு நிற்கும். ஆறு, ஏழாவது வாரத்தில் கண்ணுக்கு எதிரில் இருப்பது பதினோராவது வாரத்தில் ஒளிந்துகொள்ளும், அப்புறம் ஏழாவது எட்டாவது மாதத்தில் நஞ்சு பிரியாமல் ரத்தம் கொட்டும்போதுதான் மறுபடி முகம் காட்டும். "கர்ப்பம் உறுதியானால் மூணாம் மாசம் ஸ்கேனுக்கு வாங்க" என்பது சிசேரியன் ஆன பெண்ணுக்குப் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மருத்துவ இலக்கியத்தில் இது முதலில் பதிவானது 1978இல், தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில். அதற்குப் பிறகு பல வருடங்கள் ஒன்றிரண்டு கேஸ்களாகத்தான் வந்தன. சுமார் 2,000 கர்ப்பத்துக்கு ஒன்று என்ற கணக்கைப் பழைய ஆய்வுகள் தருகின்றன. நம் ஊரில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 34.1. இந்தியா முழுவதற்கும் 21.5தான். இத்தனை தழும்புகள் இருக்கும் ஊரில் இந்த நோயை "அபூர்வம்" என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு மறந்துவிடுவது நமக்குக் கட்டுப்படியாகாது.

சரி, டி அண்ட் சி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கர்ப்பப்பையின் மேல்பகுதி நல்ல தசை. கரு கழன்றதும் அந்தத் தசை சுருங்கி, நார்களுக்கு நடுவில் ஓடும் ரத்தக்குழாய்களை இறுக்கிக் கட்டிவிடும், அதனால்தான் கருக்கலைப்பிலும் பிரசவத்திலும் ரத்தம் தானாக நிற்கிறது. தழும்பு இருக்கும் கீழ்ப்பகுதியில் தசை குறைவு, நார்த்திசு அதிகம், சுருங்கத் தெரியாது. கரு, தழும்பில் இருக்கும் நூல் போன்ற விரிசல் வழியாக உள்ளே புகுந்து, தடுக்க உள்சவ்வு இல்லாத இடத்தில் நேராகச் சுவருக்குள் வேர்விடுகிறது. அந்த இடத்தைக் கண்மூடித்தனமாகச் சுரண்டினால் குழாய்கள் வாய்பிளந்து நிற்கும், சுருங்க வைக்கும் ஊசியும் அங்கே பெரிதாக வேலை செய்யாது. 2 மில்லிமீட்டர் சுவர் கிழிந்தால் கருவி நேராகச் சிறுநீர்ப்பையில். ரத்தம் தயாராக இல்லாத ஒரு சின்ன தியேட்டரில் இது நடந்தால் கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் மிஞ்சும், சில நேரம் அதற்கும் நேரம் இருக்காது.

குடும்பத்தோடு பேசியதுதான் கடினமான பகுதி. மாமியார் ஸ்கேன் திரையில் அந்தத் துடிப்பைப் பார்த்துவிட்டார். "டாக்டரம்மா, துடிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு வேணாங்கிறீங்க?" நியாயமான கேள்வி. "அம்மா, மாடிச் சுவர் விரிசல்ல அரசங்கன்னு முளைச்சிருக்குன்னு வைங்க. கன்னு நல்லாத்தான் இருக்கு, பச்சையா இருக்கு. விட்டா மரமாகும், ஆனா சுவரைப் பிளந்துக்கிட்டு மரமாகும். வெடுக்குனு பிடுங்குனாலும் காரை பெயர்ந்து வரும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க வீட்டுல மொட்டை மாடித் தொட்டிகிட்ட இருக்கு" என்றார் அப்புறம்.

கர்ப்பத்தைத் தொடர்வது முடியவே முடியாது என்று நான் பொய் சொல்லவில்லை. சிலர் தொடர்ந்து உயிரோடு குழந்தை பெற்றிருக்கிறார்கள். அதற்கான விலை, நஞ்சு சுவரில் ஊடுருவி ஒட்டிக்கொள்வது, கர்ப்பப்பை கிழிவது, பிரசவத்தோடு கர்ப்பப்பையை எடுப்பது. அமெரிக்கத் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2020இல் வெளியிட்டு 2022இல் திருத்திய வழிகாட்டுதலும் காத்திருந்து பார்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அப்படியும் ஒருவர் தொடர்ந்தே தீருவேன் என்றால் 34 வாரம் முடிந்ததும், 36 தொடங்குவதற்குள், சிசேரியன் செய்துவிடச் சொல்கிறது. அந்தப் பெண் முழுக்கக் கேட்டார். "ரெண்டு பிள்ளைங்களுக்கு நான் வேணும் மேடம்" என்றார். எம்டிபி சட்டப்படி (கருக்கலைப்புச் சட்டம்) வயதுவந்த பெண்ணின் கையெழுத்து ஒன்றே போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. ஆனாலும் எல்லோரையும் உட்காரவைத்துத்தான் பேசினோம்.

எப்படி எடுப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. உடம்பு முழுவதற்கும் போகும்படி மெத்தோட்ரெக்ஸேட் (கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மருந்து) ஊசியை மட்டும் இடுப்பில் போட்டுவிட்டு அனுப்புவது சரிவராது, அதே வழிகாட்டுதல் அதைச் செய்யாதே என்றே சொல்கிறது, துடிப்பு இருக்கும் கருவில் அது தோற்பது அதிகம். வெறும் சுரண்டல் கிடையவே கிடையாது. மிச்சம் மூன்று வழி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே உறிஞ்சி எடுத்து, ரத்தம் வந்தால் பலூன் வைத்து அழுத்துவது. லேப்ராஸ்கோப்பி மூலம் தழும்போடு வெட்டியெடுத்துப் புதிதாகத் தைப்பது. அல்லது ஸ்கேன் உதவியோடு பைக்குள்ளேயே நேராக மெத்தோட்ரெக்ஸேட் செலுத்துவது. பை வெளிப்பக்கம், சிறுநீர்ப்பையை நோக்கிப் பிதுங்கியிருந்தால் லேப்ராஸ்கோப்பியை முதலில் யோசித்திருப்பேன். இது பெரும்பகுதி உள்பக்கம் நோக்கி இருந்தது. என் சக மருத்துவர் உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றார். 2.1 மில்லிமீட்டர் சுவரும் அந்த டாப்ளர் படமும் எனக்குப் பயத்தைக் கொடுத்தன, ஊசியைத் தேர்ந்தெடுத்தேன்.

கல்லீரல், சிறுநீரக, ரத்த அணுச் சோதனைகள் சரியாக இருந்தன. மயக்க மருந்து லேசாகக் கொடுத்து, கருத்தரிப்பு மையங்களில் முட்டை எடுக்கும் அதே நீள ஊசியை ஸ்கேன் கருவியின் வழிகாட்டியில் மாட்டி, பைக்குள் செலுத்தி நீரை உறிஞ்சினோம். துடிப்பு நின்றதைத் திரையில் பார்த்துவிட்டு 50 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட், ஒரு பகுதி பைக்குள், மீதி ஊசியை வெளியே இழுத்துக்கொண்டே அதைச் சுற்றிய திசுவில். பத்து நிமிட வேலை. ரத்தம் இரண்டு யூனிட் பொருத்திப் பார்த்துத் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினோம்.

போகும்போது சொன்னவற்றில் முக்கியமானது ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பது. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோதே கிராம சுகாதார செவிலியர் அதைக் கொடுத்திருந்தார், அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்வதே ஃபோலிக் ஆசிட்டின் வழியை அடைத்துத்தான், ஒரு கையால் கொடுத்து மறு கையால் தடுப்பது போல ஆகிவிடும். அந்தச் செவிலியருக்கே போன் செய்து சொன்னோம், இல்லாவிட்டால் அவர் ஒவ்வொரு வாரமும் மாத்திரை போட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தாம்பத்தியம் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தெரியாமல் வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை.

நான்காவது நாள் எச்சிஜி 27,300. வீட்டில் எல்லோரும் பதறிவிட்டார்கள். முதலில் கொஞ்சம் ஏறுவது வழக்கம்தான், உடையும் திசுவிலிருந்து கசிவது. ஏழாம் நாள் 18,900, பதினாலாம் நாள் 7,200, இருபத்தொன்றில் 2,600. எண்கள் நன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஸ்கேனில் தழும்பிலிருந்த கட்டி மட்டும் முன்னைவிடப் பெரிதாக, 3.4 சென்டிமீட்டர், சுற்றிலும் ரத்த ஓட்டத்தோடு. இதுவும் எதிர்பார்க்கக்கூடியதே. எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன், படத்துக்குக் கொடுத்திருக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்கவில்லை.

இருபத்தாறாம் நாள் ராத்திரி பதினொன்றே முக்கால். நாத்தனார் போன். "மேடம், கட்டி கட்டியா போகுது, புடவை நனைஞ்சிடுச்சு." அந்தப் பெண்ணின் வீடு எங்கள் மருத்துவமனையிலிருந்து அறுபது கிலோமீட்டர், கடைசி பத்து கிலோமீட்டர் சாலையே இல்லாத சாலை. 108 வந்து, ஏற்றி, எங்களிடம் சேர்த்தபோது ஒரு மணி இருபது. நாடித்துடிப்பு 128, அழுத்தம் 86/50, ஹீமோகுளோபின் 7.6. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் போட்டுக்கொண்டே தியேட்டருக்குக் கொண்டுபோனோம். சுரண்டப் போகவில்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே 16ஆம் நம்பர் ஃபோலி கதீட்டரைத் தழும்பு இருக்கும் இடம் வரை செலுத்தி, பலூனில் 30 மில்லி சலைன் ஏற்றினோம். சிறுநீர் போக வைக்கிற அதே சாதாரணக் குழாய்தான். அந்தப் பலூன் உள்ளிருந்து சுவரை அழுத்த, சில நிமிடத்தில் ரத்தம் நின்றது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம். பலூன் 24 மணி நேரம் இருந்தது, பத்து பத்து மில்லியாகக் குறைத்து எடுத்தோம், மறுபடி வரவில்லை. நிற்காமல் போயிருந்தால் அடுத்தது கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது. அதற்கான வசதி இருக்கும் இடம் எங்களிடமிருந்து இன்னும் இரண்டு மணி நேரம்.

ஆறாவது வாரம் எச்சிஜி 210. ஒன்பதாவது வாரம் 5க்குக் கீழே. கட்டி முழுக்க மறைய நாலு மாதம் ஆனது.

ஊசி தவறான முடிவா என்று கேட்டால், புத்தகத்தின்படி இல்லை. இதே பெண் மருத்துவமனைக்குப் பின்தெருவில் குடியிருந்தால் மறுபடியும் அதையே செய்வேன். ஆனால் நாங்கள் மில்லிமீட்டரை அளந்தோம், எச்சிஜியை எண்ணினோம், அந்த அறுபது கிலோமீட்டரை முடிவெடுக்கும் மேஜையில் வைக்கவே இல்லை. மெத்தோட்ரெக்ஸேட்டின் சிக்கலே அதன் நீண்ட வால்தான், எட்டு பத்து வாரம் எந்த ராத்திரி வேண்டுமானாலும் அது திரும்பி அடிக்கலாம், அந்த ராத்திரியில் அவர் எங்கே இருப்பார் என்பது ஊசி போடும் அன்றே கேட்க வேண்டிய கேள்வி. அன்றைக்கே, பகலில், ரத்தம் தயாராக வைத்துக்கொண்டு, ஸ்கேன் பார்த்து உறிஞ்சி எடுத்துப் பலூன் வைத்திருந்தால் நாலு நாளில் கதை முடிந்திருக்கும் என்று என் சக மருத்துவர் இப்போதும் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குறைந்தபட்சம், ஊசி என்றால் முதல் ஆறு வாரம் ஊருக்குள்ளேயே சொந்தக்காரர் யார் வீட்டிலாவது தங்கச் சொல்லியிருக்க வேண்டும். நாத்தனார் வீடு மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரம். கேட்கத் தோன்றவில்லை.

இதற்குப் பிறகு எங்கள் ஸ்கேன் அறையில் படிவத்தின் மேலே கையால் ஒரு வரி எழுதி ஒட்டினோம்: முன்பு சிசேரியன் ஆனவரா, ஆம் என்றால் பைக்கும் தழும்புக்கும் எவ்வளவு தூரம். "கர்ப்பப்பைக்குள் இருக்கிறது" என்று மட்டும் எழுதி வரும் ரிப்போர்ட்டை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன், இதனால் இரண்டு பேருடன் மனஸ்தாபம்.

அடுத்த கர்ப்பம் மறுபடி தழும்பிலேயே தங்க வாய்ப்பு உண்டு, மெத்தோட்ரெக்ஸேட் போட்டவர்கள் குறைந்தது மூன்று மாதம் கருத்தரிக்கவும் கூடாது. இவர்களுக்கு இனி குழந்தை வேண்டாம் என்பதால் கணவரிடம் வாசெக்டமி (ஆண்களுக்கான கருத்தடை) பற்றிப் பேச்செடுத்தேன். கத்தி இல்லை, தையல் இல்லை, அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் போனில் ஏதோ முக்கியமாகத் தேட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் ஐந்தாவது மாதம் லேப்ராஸ்கோப்பியில் அந்தப் பெண்ணுக்கே கருத்தடை ஆபரேஷன் செய்தோம். டியூபை முடித்துவிட்டு, கேமராவைத் திருப்பிச் சிறுநீர்ப்பை மடிப்புப் பக்கம் பார்த்தேன். பழைய தையலின் இடப்பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெளிறிய ஒரு பள்ளம், அதன் மேல் சிறுநீர்ப்பை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் நின்ற நாத்தனாரிடம் திரையைக் காட்டினேன். "இவ்வளவுதானா மேடம்?" என்றார்.